கையுறையும் கூலியும்

கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் ஒரு மேதையைத் தேடிப்பிடித்து அவரை அரியாசனத்தில் ஏற்றிவிடுவது வழக்கம். மெய்நிகர் உலகின் வரலாற்றில் அந்த ஆசனம் ஜரோன் லானியருக்கு வழங்கப்பட்டிருக்கிறது. ஆனால், தலையில் அணியும் காட்சிக் கருவியை 1968ஆம் ஆண்டிலேயே ஐவன் சதர்லாந்து செய்துகாட்டிவிட்டார். லானியரை நாம் கற்கவேண்டிய காரணம் வேறு.

1960இல் நியூயோர்க்கில் பிறந்த அவர், நியூ மெக்சிக்கோவின் வறண்ட நிலத்துச் சிற்றூரான மெசில்லாவில் வளர்ந்தார். தாய், நாஸிகளின் முகாமிலிருந்து உயிர்தப்பிய வியன்னா நகரத்து யூதப் பெண். அவர் கார் விபத்தில் மாண்டபின் தந்தையும் மகனும் கூடாரத்தில் வாழ்ந்தனர். பின்னர், சிறுவன் வகுத்த திட்டப்படியே குவிமாட வீடொன்றைக் கட்டினர். இல்லாத உலகொன்றைக் கற்பித்து அதனுள் குடிபுகும் ஆசை அங்கேதான் முளைத்தது போலும். உயர்தரப் பள்ளிப் படிப்பை முடிக்காமலே பல்கலைக்கழக வகுப்புகளில் போய் அமர்ந்தவர் அவர் என்பதை ஆசிரியர்களாகிய நாம் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

1983இல் அவர் ஆக்கிய 'மூன்டஸ்ட்' என்னும் கணினி விளையாட்டில், ஆடுபவரின் அசைவுக்கேற்ப இசை பிறந்தது. அக்காலத்தில் தோமஸ் சிமர்மன் என்பவர், கித்தார் இல்லாமலே வெறுங்காற்றில் கித்தார் வாசிக்கும் ஆசையினால் ஒரு கையுறையைச் செய்திருந்தார். இருவரும் கூடினர். 1980களின் நடுப்பகுதியில் தோன்றிய வீ.பி.எல். நிறுவனத்தில் அக்கையுறை முழுமை பெற்றது. விரல்களின் மேலோடும் ஒளிநார் வளையும்போது அதனூடு செல்லும் ஒளி குறையும். அக்குறைவைக் கொண்டு விரலின் வளைவைக் கணினி அறியும். 1989இல் மெற்றல் நிறுவனம் அதன் மலிவான வடிவத்தை நின்ரென்டோ விளையாட்டுக்காகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வீ.பி.எல். விரைவிலேயே நொடித்துப்போயிற்று.

கற்பனையுலகைக் கண்முன் நிறுத்தவேண்டுமானால் கருவி முதலில் மனிதனை அளந்தாகவேண்டும். தலை எப்பக்கம் திரும்பியது, கை எவ்வளவு நீண்டது என்பன கணந்தோறும் அதற்குத் தெரிந்திருக்கவேண்டும். அந்த அளவு யாருக்குச் சொந்தம்? கையுறையைச் செய்தவரே பிற்காலத்தில் இக்கேள்வியின் பக்கம் வந்துசேர்ந்தார்.

'எதிர்காலம் யாருக்குச் சொந்தம்?' என்னும் பொருள்பட 2013இல் அவர் வெளியிட்ட நூல் இரு நிறுவனங்களை எதிரெதிரே நிறுத்துகிறது. கொடாக், தன் உச்சநிலையில் 140,000 பேருக்கு வேலை கொடுத்தது. 2012இல் வங்குரோத்து அடைந்தது. அதே ஆண்டில் நூறு கோடி டொலருக்கு விலைபேசப்பட்ட இன்ஸ்டாகிராமில் பதின்மூவரே ஊழியர். உழைப்பு எங்கே மறைந்தது? மறையவில்லை என்கிறார் லானியர். படங்களை வழங்கும் கோடிக்கணக்கானோர் கூலியின்றி உழைக்கின்றனர். மொழிபெயர்க்கும் இயந்திரமும் முன்னர் மனிதர் செய்த மொழிபெயர்ப்புகளையே தின்று வளர்கிறது.

நோயை இவ்வளவு தெளிவாகக் கண்டவர் மருந்து சொல்லும்போது தயங்குகிறார். ஒவ்வொருவரின் பங்களிப்புக்கும் சிறுசிறு தொகை வழங்கவேண்டுமென்பது அவர் யோசனை. தனியொருவன் இராட்சத நிறுவனத்துடன் எப்படிப் பேரம்பேசுவான்? 2018இல் கிளென் வைலுடன் எழுதிய கட்டுரையில், தொழிற்சங்கம்போல் மக்கள் சார்பில் பேரம்பேசும் அமைப்புகளை அவர் முன்மொழிந்தார். இது ஒருபடி முன்னேற்றமே. எனினும், இயந்திரத்தின் உடைமையை அவர் தொடவில்லை. அவரே பல்லாண்டுகளாக மைக்ரோசொப்ட் நிறுவனத்தில் ஊதியம் பெறுபவர். இதனை அவர் மறைத்ததுமில்லை.

விளம்பரத்தால் வாழும் பேஸ்புக், 2014இல் ஏறத்தாழ இருநூறு கோடி டொலர் கொடுத்து ஒக்யுலஸ் என்னும் மெய்நிகர் கண்ணாடி நிறுவனத்தை வாங்கிக்கொண்டது.