பந்தயம் எங்கே நடந்தது? - நியூ ஜெர்சியின் இணையச் சூதாட்டக் கதை

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் வடகோடியில் ஒரு வீடு. இரவு பதினொரு மணி. ஒருவர் கட்டிலில் படுத்தபடியே கைபேசியில் பத்து டாலர் வைத்துச் சூதாடுகிறார், தோற்கிறார். கேள்வி இதுதான்: அந்தச் சூதாட்டம் எங்கே நடந்தது?

கட்டிலில்தான் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்த மாநிலத்தின் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நூறு மைலுக்கும் அப்பால் உள்ள அட்லாண்டிக் சிட்டி என்ற கடற்கரை நகரத்தில்தான் அது நடந்தது என்கிறது! வேடிக்கையாகத் தோன்றும் இந்தப் பதிலுக்குப் பின்னால் அரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. ஒரு நகரத்தைக் காப்பாற்ற எடுத்த முயற்சிகளின் வரலாறு அது.

கடற்கரை நகரம்

அட்லாண்டிக் சிட்டி ஒரு காலத்தில் அமெரிக்காவின் புகழ்பெற்ற உல்லாச நகரம். கடலை ஒட்டிய அதன் மரப்பலகை நடைபாதை 1870-ம் ஆண்டிலேயே போடப்பட்டது. நம் ஊரில் டிரேட், பிசினஸ் என்ற பெயர்களில் சிறுவர்கள் ஆடும் ஆட்டத்துக்கு மூலமான மோனோபோலியில் வரும் தெருக்கள் பெரும்பாலும் இந்த நகரத்துத் தெருக்கள்தான்.

பிறகு காரும் விமானமும் பெருகின. விடுமுறைக்கு மக்கள் இன்னும் தூரமாகப் போனார்கள். ஓட்டல்கள் காலியாயின, நகரம் ஏழையானது. அதை மீட்க ஒரே வழி கேசினோ என்று சிலர் சொன்னார்கள். அப்போது அமெரிக்காவில் நெவாடா மாநிலத்தில் மட்டுமே கேசினோ சட்டப்படி நடந்துவந்தது.

1974-ம் ஆண்டு மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. மாநிலத்தின் பிற ஊர்களிலும் கேசினோ வரலாம் என்ற அந்தத் திட்டத்தை மக்கள் நிராகரித்தார்கள். 1976-ல் மீண்டும் வாக்கெடுப்பு. இம்முறை கேள்வி மாறியிருந்தது: கேசினோ அட்லாண்டிக் சிட்டியில் மட்டும்தான், கிடைக்கும் வரி முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் போகும். மக்கள் சம்மதித்தார்கள். மாநில அரசியல் சாசனமே திருத்தப்பட்டது. 1978 மே 26 அன்று ரிசார்ட்ஸ் என்ற முதல் கேசினோ திறந்தது.

'அட்லாண்டிக் சிட்டியில் மட்டும்' என்ற அந்த நிபந்தனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாச் சிக்கலும் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

போட்டி வந்தது

கால் நூற்றாண்டுக்கு மேல் பணம் கொட்டியது. 2006-ம் ஆண்டு கேசினோக்களின் வருவாய் சுமார் 520 கோடி டாலர். அதுதான் உச்சம். அதே ஆண்டின் இறுதியில் பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவிலும் கேசினோ திறந்தது. பஸ் பிடித்து அட்லாண்டிக் சிட்டிக்கு வந்தவர்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஆடத் தொடங்கினார்கள். ஏழே ஆண்டுகளில், 2013-ல், வருவாய் 300 கோடி டாலருக்கும் கீழே போய்விட்டது.

வாடிக்கையாளர் நகரத்துக்கு வரவில்லை என்றால், நகரம் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகட்டுமே! மாநில செனட்டர் ரேமண்ட் லெஸ்னியாக் முன்வைத்த யோசனை ஏறக்குறைய இதுதான்: கேசினோக்களுக்கே இணையத்தில் சூதாட்டம் நடத்த உரிமம் கொடுப்பது.

டில்லிக்கு ஒரு சட்டம் போல, வாஷிங்டனுக்கும் ஒன்று

ஆனால் மாநிலம் நினைத்தால் மட்டும் போதாது, மத்திய அரசின் சட்டங்களும் உண்டு. 1961-ம் ஆண்டின் கம்பிவழிச் சட்டம், தொலைபேசி, தந்தி வழியாக மாநிலம் விட்டு மாநிலம் பந்தயத் தகவல் அனுப்புவதைத் தடை செய்திருந்தது. அது இணையத்துக்கும் பொருந்தும் என்பது மத்திய நீதித் துறையின் நெடுநாள் கருத்து. 2006-ல் வந்த இன்னொரு சட்டம், சட்டவிரோத இணையச் சூதாட்டத்துக்கு வங்கிகள் பணம் கைமாற்றக் கூடாது என்றது. எனினும் ஒரு மாநிலத்தின் எல்லைக்குள்ளேயே, அந்த மாநிலத்தின் அனுமதியோடு நடக்கும் ஆட்டத்துக்கு அது விலக்கு அளித்தது. கதவில் ஒரு சிறு இடைவெளி!

2011 ஏப்ரல் 15 அன்று போக்கர்ஸ்டார்ஸ், ஃபுல் டில்ட், அப்சல்யூட் போக்கர் ஆகிய மூன்று பெரிய இணைய போக்கர் நிறுவனங்கள் மீது மத்திய அரசு வழக்கு தொடுத்து, அவற்றின் அமெரிக்கத் தளங்களை முடக்கியது. ஆட்டக்காரர்கள் அந்த நாளைக் 'கறுப்பு வெள்ளி' என்கிறார்கள். அதே ஆண்டு டிசம்பரில் நிலைமை தலைகீழானது. கம்பிவழிச் சட்டம் விளையாட்டுப் பந்தயங்களுக்கு மட்டுமே பொருந்தும் என்று நீதித் துறை புதிய கருத்து வெளியிட்டது. மாநிலங்களுக்கு வழி திறந்தது.

கவர்னர் வேண்டாம் என்றார், பிறகு சரி என்றார்

லெஸ்னியாக்கின் மசோதா 2011 தொடக்கத்திலேயே சட்டமன்றத்தில் நிறைவேறியிருந்தது. ஆனால் கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி அதை வீட்டோ செய்துவிட்டார். கேசினோ அட்லாண்டிக் சிட்டியில் மட்டும்தான் என்று அரசியல் சாசனம் சொல்லும்போது, வீட்டில் உட்கார்ந்து ஆடுவது எப்படிச் செல்லும் என்று கேட்டார். ஊர் ஊருக்கு காபிக் கடைகளும் மதுக்கடைகளும் சூதாட்டக் கூடங்களாக மாறிவிடும் என்றும் அஞ்சினார்.

2013-ல் மசோதா மீண்டும் வந்தது. இம்முறை கிறிஸ்டி திருத்தங்கள் கேட்டார்: வரி 10 சதவிகிதம் போதாது, 15 வேண்டும், சட்டம் பத்தாண்டுகளுக்கு மட்டுமே செல்ல வேண்டும், சூதாட்டத்துக்கு அடிமையானவர்களுக்கு உதவக் கூடுதல் பணம் வேண்டும். சட்டமன்றம் ஏற்றுக்கொள்ள, 2013 பிப்ரவரி 26 அன்று கையெழுத்திட்டார்.

அரசியல் சாசனச் சிக்கல் என்னவாயிற்று? அதற்குத்தான் அந்தச் சாமர்த்தியமான ஏற்பாடு. பந்தயத்தை ஏற்கும் சர்வர் கணினிகள் அட்லாண்டிக் சிட்டியில் இருக்க வேண்டும். ஆடுபவர் மாநிலத்துக்குள் எங்கே இருந்தாலும், பந்தயம் அந்தக் கணினி இருக்கும் இடத்தில் நடந்ததாகவே கொள்ளப்படும். ஆக, கட்டிலில் ஆடியவர் சட்டத்தின் கண்ணுக்கு அட்லாண்டிக் சிட்டியில்தான் ஆடினார்!

கண்ணுக்குத் தெரியாத வேலி

2013 நவம்பர் 21 அன்று சோதனை ஓட்டம் தொடங்கி, அம்மாத இறுதிக்குள் எல்லோருக்கும் திறக்கப்பட்டது. நெவாடாவும் டெலவேரும் அதே ஆண்டில் சற்று முன்னதாகவே தொடங்கிவிட்டன. ஆனால் நெவாடாவில் போக்கர் மட்டும்தான், டெலவேரோ மிகச் சிறிய மாநிலம். போக்கர், ஸ்லாட், பிளாக்ஜாக் என எல்லா ஆட்டங்களோடும் பெரிய அளவில் இறங்கியது நியூ ஜெர்சிதான்.

ஆட வயது 21 நிறைந்திருக்க வேண்டும். கணக்குத் தொடங்கும்போது அடையாளம் சரிபார்க்கப்படும். வேறு மாநிலத்தவரும் ஆடலாம், ஆனால் ஆடும் நேரத்தில் உடல் நியூ ஜெர்சி மண்ணில் இருக்க வேண்டும். இதைக் கண்டறிய ஜிபிஎஸ், வைஃபை, கைபேசிக் கோபுரம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் தொழில்நுட்பம் வந்தது. ஹட்சன் நதிக்கு இந்தக் கரையில் ஆடலாம்; அந்தக் கரையில் நியூயார்க், அங்கே ஆட முடியாது. ஆரம்ப நாட்களில் வேலி சற்று அதிகமாகவே வேலை செய்தது. எல்லைக்கு உள்ளே இருந்தவர்களையும் வெளியே இருப்பதாக நினைத்துத் தடுத்தது.

ஏமாற்றமும் மூடுவிழாக்களும்

முதல் நிதியாண்டில் இணையச் சூதாட்ட வரியாக சுமார் 18 கோடி டாலர் வரும் என்று கிறிஸ்டியின் பட்ஜெட் கணக்குப் போட்டது. வந்தது சுமார் ஒரு கோடிதான். சட்டப்படி நடக்கும் ஆட்டம் என்றாலும் பல வங்கிகள் கிரெடிட் கார்டு பரிமாற்றத்தை ஏற்க மறுத்தன. இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியவில்லை.

காப்பாற்றப்பட வேண்டிய நகரமோ காத்திருக்கவில்லை. 2014-ம் ஆண்டில் மட்டும் அட்லாண்டிக் கிளப், ஷோபோட், ரெவெல், டிரம்ப் பிளாசா என நான்கு கேசினோக்கள் மூடப்பட்டன. இவற்றில் ரெவெல், 240 கோடி டாலர் செலவில் கட்டப்பட்டு 2012-ல்தான் திறந்தது! அந்த ஆண்டு சுமார் 8,000 பேர் வேலை இழந்தார்கள். அறை சுத்தம் செய்தவர்கள், சமைத்தவர்கள், சீட்டுப் போட்டவர்கள். சர்வர் கணினிக்கு இவர்கள் யாருமே தேவையில்லை.

தலைகீழ் மாற்றம்

இணையச் சூதாட்டம் மட்டும் மெல்ல மெல்ல வளர்ந்தது. 2014-ல் சுமார் 12 கோடி டாலர் வருவாய். 2019-ல் 48 கோடி. 2018 மே மாதம், விளையாட்டுப் பந்தயத்தைத் தடுத்த மத்திய சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த வழக்கை நடத்தி வென்றதும் நியூ ஜெர்சிதான். பந்தயத்துக்காக வந்த புதிய வாடிக்கையாளர்கள் அதே கைபேசியில் கேசினோவும் ஆடினார்கள்.

பிறகு கொரோனா. 2020 மார்ச் 16 முதல் ஜூலை தொடக்கம் வரை அட்லாண்டிக் சிட்டியின் எல்லாக் கேசினோக்களும் பூட்டிக் கிடந்தன. கைபேசிக்குப் பூட்டு இல்லை. அந்த ஆண்டு இணைய வருவாய் 97 கோடி டாலராக, ஒரே ஆண்டில் இரண்டு மடங்கானது. 2024-ல் 239 கோடி. அதே ஆண்டு கேசினோக் கட்டடங்களுக்குள் கிடைத்தது 282 கோடி. உதவிக்கு வந்த தம்பி அண்ணனின் தோளுக்கு வளர்ந்துவிட்டான்!

மொத்தத்தைப் பார்த்தால் வீழ்ந்த தொழில் மீண்டுவிட்டது போலத் தெரியும். ஆனால் ஒரு கேசினோவின் உரிமத்தின் கீழ் ஐந்து இணையத் தளங்கள் வரை இயங்கலாம். டிராஃப்ட்கிங்ஸ், ஃபேன்டூயல் போன்ற வெளி நிறுவனங்கள் அப்படித்தான் உள்ளே வந்தன. இணைய வருவாயில் பெரும்பங்கு அவர்களுக்குப் போகிறது, கட்டடத்துக்குள் வரும் பணமே எங்கள் உண்மையான பலம் என்று கேசினோக்களே சொல்லிவருகின்றன.

வருவாய் என்றால் என்ன?

வணிகவியல் பாடத்தில் வருவாய் என்றால் விற்ற பொருளுக்கோ செய்த சேவைக்கோ கிடைத்த பணம். சூதாட்டக் கணக்கில் வருவாய் என்பது, ஆட்டக்காரர்கள் வைத்த பணத்திலிருந்து அவர்கள் வென்ற பணத்தைக் கழித்த மீதி. அதாவது அவர்கள் தோற்ற தொகை. 2024-ன் 239 கோடி டாலர் என்பது, அந்த மாநிலத்தின் எல்லைக்குள் இருந்தவர்கள் ஒரே ஆண்டில் கைபேசியிலும் கணினியிலும் தோற்ற பணம். அரசுக்கு அதில் 15 சதவிகிதம், ஏறக்குறைய 36 கோடி டாலர்.

சட்டம் இதை அறியாமல் இல்லை. வைக்கும் பணத்துக்கும் நேரத்துக்கும் வரம்பு போட்டுக்கொள்ளும் வசதி கட்டாயம். தன்னைத் தானே தடை செய்துகொள்ளும் பட்டியல் உண்டு. ஒருவர் மொத்தமாக 2,500 டாலருக்கு மேல் செலுத்தியதும் கணக்கு நிற்கும். எச்சரிக்கையைப் படித்து ஒப்புக்கொண்டால்தான் தொடரலாம். சட்டவிரோதத் தளங்களில் இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை என்பது ஆதரிப்பவர்களின் வலுவான வாதம்.

எதிர்ப்பவர்களின் வாதமும் எளிதில் தள்ளக்கூடியதல்ல. 1976-ல் மக்கள் வாக்களித்தது, வண்டியேறிப் போனால்தான் ஆட முடியும் என்ற ஒரு நகரத்துக்கு. அந்தத் தூரமே ஒரு வேலியாக இருந்தது. வீடு திரும்பும் பயணத்தில் யோசிக்க நேரம் இருந்தது. இப்போது மாநிலத்தைச் சுற்றி வேலி இருக்கிறது, வீட்டுக்குள் இல்லை.

பத்தாண்டுக் கெடு 2023-ல் முடிந்தபோது சட்டம் 2028 வரை நீட்டிக்கப்பட்டது. 2025 ஜூலை முதல் வரி 19.75 சதவிகிதமாக உயர்ந்தது. ஒரு நகரத்தைக் காப்பாற்றத் தொடங்கிய திட்டம், மாநில பட்ஜெட்டைத் தாங்கும் தூண்களில் ஒன்றாகிவிட்டது.

2028-ல் சட்டமன்றம் மீண்டும் இந்தச் சட்டத்தை எடுக்கும்போது, முதலில் கேட்ட கேள்வியையே சற்று மாற்றிக் கேட்கலாம். பந்தயம் அட்லாண்டிக் சிட்டியில் நடந்தது, சரி. தோற்ற பணம் எந்த வீட்டிலிருந்து போனது?