படித்தது லத்தீன், பாடியது பழம்பாட்டு

நாம் கல்லூரியில் படித்தது ஒன்று, பிழைப்புக்குப் போனது இன்னொன்று. நம்ம செட்டிலேயே ஆளுக்கு ஒரு கதை இருக்கும். மலருக்குக் கட்டுரை கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தவர், இங்கிலாந்துப் பாடகி எம்மா கர்க்பி.

1949-ல் கேம்பர்லி என்ற ஊரில் பிறந்தவர். அப்பா கடற்படை அதிகாரி. ஆக்ஸ்ஃபோர்டில் சாமர்வில் கல்லூரியில் அவர் படித்தது சங்கீதம் அல்ல, கிரேக்கமும் லத்தீனும்தான். பாட்டு என்பது மாணவர் பாடற்குழுவில் சந்தோஷத்துக்காகப் பாடியது, அவ்வளவே. படிப்பு முடிந்ததும் பள்ளிக்கூட ஆசிரியை ஆனார். பாட்டையே தொழிலாகக் கொள்ளும் எண்ணம் அப்போது கிடையாது.

அந்த நாளில் இங்கிலாந்து சங்கீத உலகில் ஒரு கேள்வி சூடு பிடித்திருந்தது. முந்நூறு, நானூறு வருஷத்துக்கு முந்தைய பாட்டை அந்தக் காலத்து வாத்தியத்தோடு, அந்தக் காலத்து முறையிலேயே பாடினால் என்ன? பிற்காலத்து ஆப்பரா அரங்கு பெரிசு, வாத்தியக் குழுவும் பெரிசு. அதை மீறிக் காதில் விழ, குரலை முழக்கி, ஒவ்வொரு சுரத்தையும் அதிரவிட்டுப் பாடுவது வழக்கமாகிவிட்டது. அந்தக் குரலின் முன்னே லூட் மாதிரி மெல்லிய நரம்பு வாத்தியம் காணாமலே போய்விடும்.

கர்க்பியின் குரல் இதற்கு நேர்மாறு. அதிர்வு குறைவு, சுரம் சுத்தம், வார்த்தை தெளிவு. 1973 முதல், லூட் கலைஞர் ஆன்டனி ரூலியின் கன்சார்ட் ஆஃப் மியூசிக் குழுவோடு பாடினார். “இதென்ன, சின்னப் பையன் குரல் மாதிரி!” என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. அதற்காக அவர் குரலைப் பெரிசாக்கிக்கொள்ளவில்லை. அந்தக் குரலுக்கு ஏற்ற பாட்டோடேயே நின்றார்.

காலம் அவர் பக்கம் திரும்பியது. ஹாண்டலின் ‘மெசையா’ 1754-ல் லண்டன் அநாதைக் குழந்தைகள் இல்லத்தில் பாடப்பட்ட வடிவத்தை, கிறிஸ்டபர் ஹாக்வுட் பழைய வாத்தியங்களோடு பதிவு செய்தார். 1980-ல் வெளிவந்த அந்த இசைத்தட்டில் கர்க்பியும் பாடினார். அடுத்து, 12-ம் நூற்றாண்டு ஜெர்மன் கன்னியாஸ்திரீ ஹில்டெகார்டின் பாடல்கள். கிறிஸ்டபர் பேஜின் காதிக் வாய்ஸஸ் குழுவோடு அவர் பாடிய அந்தத் தட்டு, சங்கீத நிபுணர்களைத் தாண்டிச் சாதாரண ஜனங்களிடமும் போய்ச் சேர்ந்தது. எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய பாட்டு! நானும் ஒரு நண்பர் தந்த கேசட்டில்தான் முதலில் கேட்டேன். பாஷை புரியவில்லை, ஆனாலும் நிறுத்த மனம் வரவில்லை.

அப்புறம் நூற்றுக்கு மேல் ஒலிப்பதிவுகள். 2007-ல் ‘டேம்’ பட்டம்.

அவர் படித்த லத்தீனும் வீண் போகவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. வார்த்தையின் அர்த்தம் தெரிந்து பாடுவதற்கும், மனப்பாடம் பண்ணிப் பாடுவதற்கும் வித்தியாசம் இல்லையா?

நண்பர்களே, அன்று ஹாஸ்டல் மொட்டை மாடியில் நாம் சும்மா பாடியதும், வரைந்ததும், எழுதியதும் எங்கே போயிற்று? சந்திப்புக்கு வரும்போது அதில் கொஞ்சத்தைத் தேடி எடுத்து வாருங்கள். குரல் சின்னதாக இருந்தால் பரவாயில்லை.