ரீபேக் சரிவிலிருந்து 800 மி.மீ. வரை

மலைச்சரிவு மிதிவண்டியின் அகன்ற ஹேண்டில்பார் அண்மைக்காலப் புதுமை என்றே பலரும் எழுதுகின்றனர். அது சரியன்று. 1976 அக்டோபர் 21 அன்று, கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில், ரீபேக் சரிவின் முதல் போட்டியில் இறங்கியவை பெரும்பாலும் ஷ்வின் போன்ற பழைய கனத்த வண்டிகள். அவற்றுக்கு மோட்டார் சைக்கிள் பாணியில் அகன்று உயர்ந்த கைப்பிடிகளே உகந்தவையாக இருந்தன. (பெயர்க்காரணம் ஆராயும் பழக்கம் என்னை விடுவதில்லை: ஓர் இறக்கத்திலேயே பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் எரிந்துவிடும், மீண்டும் அடைக்க வேண்டும். அதுவே 'ரீபேக்'.)

ஏற்றத்தில் வேகம் தேடிய கிராஸ்கன்ட்ரி பந்தயம் 1990களில் சாலை வண்டியின் குனிந்த அமர்வைக் கொணர்ந்தது. கைப்பிடி 600 மி.மீ.க்கும் கீழே குறுகியது. அதைத் தாங்கும் ஸ்டெம் நீண்டது. இறக்க வண்டிகள் அவ்வழக்கத்திலிருந்து மெல்லவே விடுபட்டன. ஸ்டெம் மீண்டும் குறுகக் குறுக, அகலம் திரும்பியது; இன்று 800 மி.மீ. பரவலான அளவு.

கல்லில் மோதித் திரும்பும் சக்கரத்தை அகலம் நெம்புகோலாக நின்று அடக்குகிறது. ஆயினும் குறுகிய தோளினர்க்கு 800 மிகை. கைகள் விரிந்து, முழங்கை மடங்க இடமிராது. செங்குத்துச் சரிவில் முன்சக்கரம் தாழும்போது உயர்ந்த கைப்பிடி உடல் முன்சாயாமல் காக்கும். உயரம் மிகுந்தாலோ முன்சக்கரத்தில் எடை குறைந்து வளைவில் வழுக்கும். ஆகவே முழு அகலத்தில் வாங்கி, ஓட்டிப் பார்த்து, இரு முனையிலும் ஐந்தைந்து மி.மீ.யாக அறுப்பதே என் பரிந்துரை.