டின்னில் ஒட்டிய கேக்... உடையாம எடுக்க ஈஸி வழிகள்!

நைட் 12 மணிக்கு ஃப்ரெண்டுக்கு பர்த்டே சர்ப்ரைஸ். கேக் சூப்பரா வெந்தாச்சு. ஆனா, டின்னைவிட்டு வர மாட்டேங்குதா? பலமா உலுக்கினா பாதி கேக் டின்லயே தங்கிடும். இதையெல்லாம் ட்ரை பண்ணுங்க!

கொஞ்சம் பொறுங்க: சுடச்சுட இருக்கும்போது கேக் ரொம்ப மென்மையாக இருக்கும், உடனே கவிழ்த்தால் பிளந்துவிடும். 10 - 15 நிமிடங்கள் ஆறவிட்டால் கொஞ்சம் இறுகி, உடையாமல் நிற்கும்.

ஓரத்தைப் பிரிங்க: மெல்லிய கத்தியை டின்னின் பக்கவாட்டை ஒட்டி நேராக இறக்கி, ஒரு சுற்று சுற்றுங்கள். நான்ஸ்டிக் டின் என்றால் பிளாஸ்டிக் கத்தி போதும், கீறல் விழாது.

முழுசா ஆறிப்போச்சா?: வெண்ணெயும் சர்க்கரையும் இறுகி, அடியில் பசை மாதிரி பிடித்திருக்கும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த டவல் மேல் டின்னை சில நிமிடங்கள் வையுங்கள். அடிப்பாகம் சூடானதும் பிடி தளரும். பிறகு டின்னின் மேல் தட்டை வைத்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்துக் கவிழ்த்து, மெதுவாகத் தட்டுங்கள்.

அப்படியும் உடைஞ்சிடுச்சா?: சின்ன உடைசல் என்றால் க்ரீம் வைத்து ஒட்டிவிடலாம். தூள் தூளாகிவிட்டால், கண்ணாடி டம்ளரில் கேக், க்ரீம், பழங்கள் என அடுக்குங்கள். ட்ரைஃபிள் ரெடி!

அடுத்த தடவை: டின்னில் வெண்ணெய் தடவி, மைதா தூவி, அதிகமுள்ள மாவைத் தட்டிவிடுங்கள். அடியில் டின் அளவுக்கு வெட்டிய பட்டர் பேப்பர் போடுங்கள். சாக்லேட் கேக்குக்கு மைதாவுக்குப் பதில் கோகோ பவுடர் தூவினால், வெள்ளைத் திட்டு தெரியாது.