இணைச்சார்பு

இணைச்சார்பு என்பது, போதைக்கோ வேறு தீராச் சிக்கலுக்கோ ஆட்பட்ட ஒருவரைக் காப்பதிலும் கட்டுப்படுத்துவதிலும் மூழ்கி, அவருக்கு நெருங்கியவர் தம் தேவைகளையே இழக்கும் உறவுநிலை. ஆங்கிலத்தில் ‘கோடிபெண்டன்சி’ எனப்படும். குடிப்பவரின் கடனை அடைத்தல், அவருக்காகப் பொய் சொல்லி விடுப்புக் கேட்டல் போன்றவை இதன் வழக்கமான அடையாளங்கள். உதவியே பழக்கத்தை நீடிக்கச் செய்வது இதன் முரண்.

இக்கருத்து அமெரிக்க மதுமீட்பு இயக்கத்தில் வேர்கொண்டது. 1935இல் அவ்வியக்கத்தின் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ அமைப்பு தோன்றியது; குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கான ‘அல்-அனான்’ 1951இல் அமைந்தது. குடிப்பவரின் துணைவரைக் குறித்த ‘கோ-ஆல்கஹாலிக்’ என்ற வழக்கு, பிற போதைகளும் சேர்ந்தபோது 1970களின் இறுதியில் இன்றைய சொல்லாக விரிந்தது. மெலடி பீட்டியின் ‘கோடிபெண்டன்ட் நோ மோர்’ (1986) என்னும் நூல் அதை வெகுமக்களிடம் கொண்டுசென்றது. பிறகு போதை தொடர்பில்லாத உறவுகளுக்கும் அது பொருத்தப்பட்டதில் வரையறை தளர்ந்தது.

பெண்களிடம் சமூகம் எதிர்பார்க்கும் பராமரிப்பையே இக்கருத்து நோயாக்குகிறது என்பது பெண்ணியவாதிகளின் வலுவான மறுப்பு. மனநல மருத்துவர் டிம்மன் செர்மாக் 1986இல் இணைச்சார்பை ஆளுமைக் கோளாறாக ஏற்கப் பரிந்துரைத்தார். ஆயினும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்வகைப்பாட்டுக் கையேட்டில் இது தனிக் கோளாறாக இடம்பெறவில்லை.