துணை வேடத்துக்கு வந்த வழிகள்: நந்தனார் முதல் மாமன்னன் வரை



காட்டுமன்னார்கோயிலில் நின்று சாதியையும் கலையையும் பற்றிப் பேச வேண்டுமென்றால் ஐயா எல். இளையபெருமாளிடமிருந்துதான் தொடங்க வேண்டும். 1965இல் அமைக்கப்பட்டு 1969இல் அறிக்கை தந்த தீண்டாமை குறித்த அகில இந்தியக் குழுவின் தலைவராக நாடு அவரை அறியும். இந்த வட்டாரத்துக்கு அவர் வேறொன்றுக்காகவும் முக்கியமானவர். ஊராரின் சாவுக்கும் சடங்குக்கும் கட்டாயமாகப் பறையடிக்க மாட்டோம் என்று சேரிகள் மறுத்தபோது, அந்த மறுப்புக்கு முன்னால் நின்ற தலைமுறையின் தலைவர் அவர். இன்று மேடையில் நாம் பெருமையோடு எடுத்து அடிக்கும் பறை, அன்று மறுக்க முடியாத ஊழியமாக இருந்தது. ஒரு கலையைச் செய்ய மறுப்பதே விடுதலையின் முதல் அடியாக இருந்த மண் இது.

ஆகவே இந்த மண்ணில் "நடிப்பு" என்று பேசும்போது, யார் நன்றாக நடித்தார் என்பது மட்டும் கேள்வியாக இருக்க முடியாது. யாருக்கு எந்த வேடம் தரப்பட்டது, அவர் எந்த வழியாக அந்த வேடத்துக்கு வந்தார், வந்தபின் அவர் வாழ்க்கை என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்விகளுக்குக் கதாநாயகர்களின் வரலாறு பதில் தராது. நட்சத்திரம் என்பவர் விதிவிலக்கு. ஒருவர் எங்கிருந்து வேண்டுமானாலும் எழுந்துவிடலாம். அப்பாவாக, வாத்தியாராக, ஏட்டாக, பண்ணையாளாக வந்து போகிற நூறு பேரைப் பாருங்கள். அவர்களைக் கொண்டுவந்தது ரசிகர் கூட்டம் அல்ல. சிபாரிசு, குழு, அறிமுகம், சங்க அட்டை என்ற அமைப்பு. ஒரு தொழில் யாரை உள்ளே விடுகிறது என்பதைத் துணை நடிகர்களின் பட்டியல்தான் காட்டிக்கொடுக்கும்.

நந்தனாராக நடித்தவர்கள்

நம் வட்டாரத்திலிருந்து தமிழ் சினிமாவுக்குப் போன முதல் பெரிய பாத்திரம் நந்தனார். கொள்ளிடக் கரை ஆதனூரில் பிறந்து தில்லைக்கு நடந்தவர். பெரியபுராணத்தில் இல்லாத வேதியர் ஒருவரை, நந்தனை அடிமை கொண்ட பண்ணையாராகப் படைத்துச் சேர்த்தவர் 19ஆம் நூற்றாண்டின் கோபாலகிருஷ்ண பாரதியார். அந்த வடிவமே மேடைக்கும் பிறகு திரைக்கும் போனது. 1935இல் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். சம்பளம் 1 லட்சம் ரூபாய். அந்நாளில் நாடே வியந்த தொகை. வேதியராக நடித்தவர் கர்நாடக இசை மேதை மகாராஜபுரம் விஸ்வநாதய்யர். 1942இல் ஜெமினி எடுத்த 'நந்தனார்' படத்தில் எம்.எம். தண்டபாணி தேசிகர் நந்தனாரானார். செருகளத்தூர் சாமா வேதியரானார். தேசிகர் பின்னர் நம் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைத் துறையை வழிநடத்தினார்.

அவர்களுடைய பாட்டின் உயரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வந்த வழியைக் கவனியுங்கள். சுந்தராம்பாள் நாடக மேடையின் உச்சத்திலிருந்து வந்தார். தேசிகர் தேவார இசை மரபிலிருந்து வந்தார். சேரி மனிதனைத் திரையில் காட்டச் சேரி மனிதன் தேவைப்படவில்லை. பாடத் தெரிந்த குரல் போதுமாயிருந்தது.

இதற்கு நேர் எதிரான கதை மலையாளக் கரையில் நடந்தது. ஜே.சி. டேனியல் எடுத்த 'விகதகுமாரன்' மலையாளத்தின் முதல் படம். அதன் நாயகி பி.கே. ரோசி, புலையர் சமூகத்துப் பெண். காக்காரிசி நாடகம் என்ற நாட்டார் கூத்திலிருந்து வந்தவர். படத்தில் அவர் ஏற்றது நாயர் பெண்ணின் வேடம். திருவனந்தபுரத்தில் படம் திரையிடப்பட்டபோது ஆதிக்கச் சாதியினர் கலவரம் செய்தனர்; ரோசி ஊரைவிட்டே ஓட வேண்டியதாயிற்று. நாகர்கோவில் பக்கம் வந்து, ராஜம்மாள் என்ற பெயரில் மீதி வாழ்க்கையை வாழ்ந்து முடித்தார். அவர் மீண்டும் நடிக்கவில்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேலே இருப்பவர் கீழே இருப்பவராக நடித்தால் அது பக்தி, அது கலை, அதற்கு லட்சம் ரூபாய். கீழே இருப்பவர் மேலே இருப்பவராக நடித்தால் அது குற்றம். நடிப்பு என்பது இன்னொருவராக மாறுவது என்று இலக்கணம் சொல்கிறோம். அந்த மாறும் உரிமை எல்லோருக்கும் ஒரே மாதிரி இருந்ததில்லை.

கம்பெனியும் சபாவும்

பேசும் படங்களின் முதல் தலைமுறைக்கு ஆட்களைத் தந்தவை பாய்ஸ் கம்பெனிகள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய பால சபாவும் அதைத் தொடர்ந்த கம்பெனிகளும் சிறுவர்களைச் சேர்த்து, சோறு போட்டு, பாட்டும் வசனமும் கற்றுத்தந்தன. எம்.ஜி.ஆர்., சிவாஜி, எம்.ஆர். ராதா, எம்.என். நம்பியார் எல்லோரும் இந்தப் பட்டறையில் வார்க்கப்பட்டவர்கள். ஏழைப் பிள்ளைக்கு அது பள்ளிக்கூடம். ஆனால் அங்கே ஒரே கூரையின் கீழ் படுத்து, ஒரே அடுப்பில் சமைத்ததைப் பந்தியில் உட்கார்ந்து உண்ண வேண்டும். நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் தனித் தண்ணீர்ப் பானை வைத்திருந்த காலம் அது. அந்தப் பானையை உடைத்த மாணவன்தான் இளையபெருமாள். தண்ணீரே தனி என்றால், பந்தியில் இடம் எவ்வளவு எளிதாகக் கிடைத்திருக்கும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கம்பெனிகள் ஓய்ந்தபின் சென்னையின் சபா நாடகம் அந்த இடத்துக்கு வந்தது. பூர்ணம் விஸ்வநாதன் வானொலியில் செய்தி வாசித்தவர். நாகேஷ் ரயில்வேயில் வேலை பார்த்தவர். டெல்லி கணேஷ் விமானப்படையில் இருந்தவர். காத்தாடி ராமமூர்த்தி குழுவில் நடித்து, 1977இல் கே. பாலசந்தரின் 'பட்டினப் பிரவேசம்' வழியாகத் திரைக்கு வந்தார். இந்த வாழ்க்கைகளில் ஒரு ஒழுங்கு தெரிகிறது. பகலில் மாதச் சம்பளம், மாலையில் ஒத்திகை, வார இறுதியில் சபா, முன்வரிசையில் ஒரு திரை இயக்குநர். 1975 ஆகஸ்ட் 15இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியபோது, நாடகம் போட ஆயத்தமாக இருந்தவர்களும் இவர்களே. 1993இல் சன் டிவி வந்து தொடர்களின் காலம் பிறந்தபோதும் அப்பா, தாத்தா, வக்கீல் வேடங்களில் இந்த முகங்களையும் இந்தப் பேச்சுத் தமிழையும் பார்த்தோம்.

சமூகவியலில் பூர்தியூ இதைப் பண்பாட்டு மூலதனம் என்பார். நம் பாஷையில் சொன்னால், அரசு வேலை இடஒதுக்கீட்டால் நமக்கும் வந்தது. மாலையில் ஒத்திகைக்குக் கூப்பிடும் நண்பர் வட்டம் வரவில்லை.

1977

1977 என்ற ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். டெல்லி கணேஷ் சபா வழியாக வந்த அதே ஆண்டில் வேறு இரண்டு வாசல்களும் திறந்தன. ஒன்று பாரதிராஜாவின் '16 வயதினிலே'. கேமரா ஸ்டுடியோவைவிட்டுக் கிராமத்துக்கு வந்தது. கிராமத்து முகங்கள் தேவைப்பட்டன. அந்த வழியில்தான் பிறகு வானொலியில் பாடிவந்த கொல்லங்குடி கருப்பாயி 'ஆண்பாவம்' (1985) படத்துக்கும், பரவை முனியம்மா 'தூள்' (2003) படத்துக்கும் வந்தார்கள். மக்கள் கொண்டாடினார்கள். ஆனால் இந்த வாசல் ஒரு படத்துக்குத் திறந்து அடுத்த படத்துக்கு மூடிக்கொள்ளும். கருப்பாயியும் முனியம்மாவும் தத்தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த பாட்டைக் கொண்டுவந்தார்கள். திரை அதை ஒரு காட்சியின் 'மண்வாசனை'யாக எடுத்துக்கொண்டது. பரவை முனியம்மா நோயிலும் வறுமையிலும் இருந்த செய்தி வெளிவந்தபின் 2015இல் அரசு 6 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை வழங்கி உதவியது.

மற்றொன்று ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறை. அவருக்குக் கண் திறந்தது புரிசை கண்ணப்பத் தம்பிரானின் தெருக்கூத்து. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் போன்றவர்கள் இங்கிருந்து வந்தார்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதுபவராக இருந்தவர். கூத்தின் உடல்மொழியைக் கற்ற நகரத்து நடிகருக்குத் திரையில் இடம் கிடைத்தது நல்லதுதான். அந்த உடல்மொழியை விடிய விடிய ஆடிக் காப்பாற்றிய கூத்துக்காரருக்கு அதே இடம் கிடைத்ததா என்று கேட்பதும் நம் கடமை.

இவற்றோடு இடதுசாரி வீதி நாடகத்தையும் சேர்க்க வேண்டும். 1984இல் தொடங்கிய பிரளயனின் சென்னைக் கலைக்குழு போன்றவை தொழிற்சங்க வாசலிலும் தெருமுனையிலும் நடிகர்களை வளர்த்தன. வீதி நாடகக்காரரான ராமு, 2008இல் வந்த 'பூ' படத்தால் 'பூ' ராமு ஆனார். 'பரியேறும் பெருமாள்' படத்தின் கல்லூரி முதல்வர், 'சூரரைப் போற்று' படத்தின் தந்தை, 'கர்ணன்' படத்தின் ஊர்ப் பெரியவர் என்று அடுத்தடுத்து வந்தார். 2022 ஜூனில் அவர் மறைந்தபின்தான், அவரை முதன்மைப் பாத்திரமாக்கிய 'கிடா' திரைக்கு வந்தது.

வேடம் மாறியது

2012இல் 'அட்டகத்தி', 2014இல் 'மெட்ராஸ்', 2018இல் 'பரியேறும் பெருமாள்', 2021இல் 'சார்பட்டா பரம்பரை'. இந்தப் படங்கள் செய்ததில் முக்கியமானது துணை வேடங்களை எழுதிய விதம். அதற்கு முன் நம் தெருவிலிருந்து வந்த பாத்திரம் விசுவாசமான வேலையாளாகவோ, அடிவாங்கும் நகைச்சுவையாகவோ, பார்ப்பவரின் இரக்கத்துக்காகச் சாகும் உடலாகவோ இருந்தது. 'சார்பட்டா'வில் பசுபதி ஏற்ற ரங்கன் வாத்தியாருக்கு அறிவும் அதிகாரமும் கட்சிப் பற்றும் தவறும் உண்டு. 'பரியேறும் பெருமாள்' முதல்வர் தன் சொந்த அவமானத்தைச் சொல்லி மாணவனைப் படிக்கச் சொல்கிறார்.

அதே படத்தில் பரியனின் தந்தையாக வந்தவர் வண்ணாரப்பேட்டை தங்கராஜ். பெண் வேடமிட்டு ஆடும் நாட்டார் கலைஞர் அவர். படத்திலும் அதே கலைஞராகவே வந்தார். வேட்டி உருவப்பட்டு அவர் ஓடும் காட்சியைப் பார்த்துத் தமிழ்நாடு தலைகுனிந்தது. பெரும் பாராட்டு வந்தது. ஆனால் அதன் பிறகும் அவர் பழுதடைந்த வீட்டில்தான் வாழ்ந்தார். ஊடகங்களில் செய்தி வந்தபின்தான் மாவட்ட நிர்வாகம் உதவிக்கு வந்தது. 2023 பிப்ரவரியில் காலமானார். வேடம் மாறியிருக்கிறது, வேடமிட்டவரின் வாழ்க்கை அந்த வேகத்தில் மாறவில்லை.

நம் கடலூர் மாவட்டத்துக்கே வருவோம். 1993இல் முதனை ராஜாக்கண்ணு காவலில் கொல்லப்பட்ட வழக்கே 'ஜெய் பீம்' (2021) படத்தின் வேர். ராஜாக்கண்ணுவாக மணிகண்டன் நடித்தார். செங்கேணியாகக் கேரளத்தின் லிஜோமோள் ஜோஸ் நடித்தார். இருவரும் உண்மையாக உழைத்தார்கள், அதில் சந்தேகமில்லை. இருந்தும் நாயகியின் நிறம் ஒப்பனையால் கறுக்கப்பட்டது பற்றி எழுந்த கேள்வி நியாயமானது. கறுத்த முகங்களுக்குப் பஞ்சமில்லாத மாவட்டம் நம்முடையது. 1935இல் தொடங்கிய பழக்கம் நல்ல நோக்கமுள்ள படத்திலும் தொடர்கிறது.

வடிவேலுவின் பயணம் இந்த வரலாற்றுக்கு ஒரு குறுக்குவெட்டு. 1992இல் 'தேவர் மகன்' படத்தில் அவர் இசக்கி. எசமான் சொல்லப் பூட்டிய கோயிலைத் திறந்ததற்காகக் கையை இழக்கும் வேலையாள். 2023இல் அவரே மாமன்னன். தனித்தொகுதி சட்டமன்ற உறுப்பினர். ஆனாலும் ஆதிக்கச் சாதி இளைஞன் முன்னால் நாற்காலியில் உட்கார முடியாதவர். இசக்கியிலிருந்துதான் மாமன்னன் பிறந்தான் என்று இயக்குநர் மாரி செல்வராஜ் வெளிப்படையாகவே சொன்னார். ஒரு நடிகர் வேலையாளிலிருந்து நாற்காலி வரை வர 31 ஆண்டுகள் ஆயின. காட்டுமன்னார்கோயிலும் தனித்தொகுதிதான். 2016இல் தோழர் தொல். திருமாவளவன் இங்கே 87 வாக்குகளில் தோற்றார். அரசியலில் நமக்குத் தரப்படுவதும் துணை வேடம்தானா என்று 'மாமன்னன்' கேட்டபோது, இந்தத் தொகுதிக்காரர்களுக்கு அது சினிமாக் கேள்வியாக மட்டும் இருந்திருக்காது.

மறுப்பதா, ஏற்பதா?

நடிக்க விரும்பும் மாணவர்கள் கேட்பார்கள்: இழிவான வேடம் வந்தால் மறுப்பதா, ஏற்று அதற்குள்ளிருந்து மாற்றுவதா? பறையை மறுத்த இளையபெருமாளின் வழியும் நம்முடையது. பறையை மீட்டெடுத்த அடுத்த தலைமுறையின் வழியும் நம்முடையது. இரண்டும் முரணல்ல. மறுக்க முடிந்தவர்கள்தான் பின்னால் விரும்பி ஏற்க முடியும். வயிற்றுக்கு வேறு வழியில்லாத துணை நடிகரால் எதையும் மறுக்க முடியாது. ஆகவே கேள்வி தனிமனித மானத்தைவிடப் பெரியது. நடிகரை மறுக்கக்கூடியவராக ஆக்குவது எது? எழுத்தில் ஒப்பந்தம், நாள் சம்பளத்துக்கு உத்தரவாதம், சங்க அட்டைக்கு நியாயமான கட்டணம், நோய்க்கு மருத்துவச் செலவு. தென்னிந்திய நடிகர் சங்கம் 1952இல் பிறந்தது. அதன் தேர்தல்களில் நட்சத்திரங்களின் மோதல் செய்தியாகிறது. ஏஜென்ட் மூலம் வந்து கூட்டத்தில் நிற்பவரின் பேட்டா செய்தியாவதில்லை.

பயிற்சிக்கும் வழி உண்டு. கடலூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நாடகத் துறை இருக்கிறது. அங்கே இடஒதுக்கீடும் உண்டு. 'வடு' எழுதிய, 'பலி ஆடுகள்' நாடகம் தந்த கே.ஏ. குணசேகரன் தலைமை வகித்த இடம் அது. நாட்டார் பாட்டும் ஆய்வும் அரங்கமும் ஒரே மனிதரில் கூடலாம் என்று காட்டிவிட்டு 2016இல் மறைந்தார். அந்த வாசலில் நம் வட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் விண்ணப்பிக்கிறோம்?

தில்லைக் கோயிலில் நந்தன் நுழைந்ததாகச் சொல்லப்படும் தெற்கு வாசல் அடைபட்டுக் கிடப்பதை எதிர்த்து நாம் போராடியிருக்கிறோம். திரையில் நந்தனாரைத் தீயில் இறக்கிய அதே காலத்தில், சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இலேயே நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கி, நம் பிள்ளைகளுக்குச் சோறும் எழுத்தும் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரே பெயரை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

இந்த அரங்கைவிட்டுப் போகும் மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். வீராணம் ஏரிக் கரையிலும் கொள்ளிடக் கரையிலும் உள்ள ஒவ்வொரு தெருவிலும் கூத்து ஆடியவர், நாடகம் போட்டவர், பறையடித்தவர், சினிமாவில் ஒருநாள் கூட்டத்தில் நின்றவர் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் உட்காருங்கள். பெயர், வேடம், குழு, ஆண்டு, வாங்கிய கூலி எல்லாவற்றையும் அவர்கள் சம்மதத்தோடு எழுதுங்கள். நலவாரியத்தில் பதியாதவர்களைப் பதியச் செய்யுங்கள். அந்த ஏடு கையில் இருந்தால், அடுத்து இங்கே படமெடுக்க வருகிறவர் நம் மாவட்டத்துக் கதைக்கு முகம் தேடி வேறெங்கும் போகத் தேவையில்லை என்று நாம் சொல்லலாம். சம்பளம் எவ்வளவு என்றும் முதலிலேயே கேட்கலாம்.

 ஜெய் பீம்.