யாரும் காலை ஒத்துப் போடவில்லை

2000 ஜூன் 10. லண்டனில் தேம்ஸ் நதியின் மேல் மில்லேனியம் நடைபாலம் திறக்கப்பட்டது. நீளம் 325 மீட்டர். கூட்டம் ஏற ஏற, பாலம் பக்கவாட்டில் ஆட ஆரம்பித்தது. மக்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். இரண்டே நாளில் பாலத்தை மூடிவிட்டார்கள்.

பாலம், காலடி இரண்டையும் சேர்த்துச் சொன்னாலே பொறியாளர்களுக்கு ஒரு பழைய பயம் உண்டு. 1831இல் மான்செஸ்டர் அருகே பிராட்டன் தொங்குபாலம், சிப்பாய்கள் அணிவகுத்துப் போகையில் உடைந்து விழுந்தது. அதன்பிறகு பாலத்தில் காலடியைக் கலைத்து நடக்கும்படி உத்தரவிட்டது ராணுவம். ஆனால் லண்டனில் வந்தது வேடிக்கை பார்க்கிற கூட்டம். 'லெஃப்ட், ரைட்' சொல்ல அங்கே ஆளில்லை.

பாலத்தை வடிவமைத்த அரப் நிறுவனம் ஆட்களை நடக்கவிட்டு அளந்தது. வடக்குப் பகுதியில் 156 பேர் வரை பிரச்சினை இல்லை. 166 பேர் ஆனதும் ஆட்டம் எகிறியது. பாலம் எவ்வளவு வேகமாக ஆடுகிறதோ, அதே விகிதத்தில் நடப்பவர்களின் பக்கவாட்டு விசையும் கூடியது. சரி, ஏன்?

2005இல் ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸும் சகாக்களும் 'நேச்சர்' இதழில் ஒரு மாதிரியை முன்வைத்தார்கள். பாலம் லேசாக ஆடும்போது கால்கள் அதன் தாளத்துக்கு ஒத்துப்போகின்றன, ஆட்டம் வலுக்கிறது. மின்மினிகள் சேர்ந்து மின்னுவதை விளக்கும் அதே கணிதம். அழகான கதை. நானும் இதை முதலில் இப்படித்தான் படித்தேன்.

ஆனால் ஓர் இடத்தில் இடிக்கிறது. நாம் நொடிக்குச் சுமார் இரண்டு அடி வைக்கிறோம். இடது கால் ஒரு பக்கம் தள்ளும், வலது கால் மறுபக்கம். ஆக, நொடிக்கு ஒரு பக்கவாட்டுச் சுற்று. பாலத்தின் நடுப்பகுதியோ இரண்டு நொடிக்கு ஒரு சுற்று என்ற தாளத்திலும் ஆடியது. அந்த மந்த நடையில் யார் நடப்பார்கள்?

2021இல் இகோர் பெலிக், ஆலன் சாம்ப்னீஸ், ஆலன் மெக்ரோபி உள்ளிட்ட குழு வேறு பதில் சொன்னது. தரை ஆடினால், விழாமலிருக்க ஒவ்வொருவரும் காலை வைக்கும் இடத்தைச் சற்றே மாற்றுகிறார். தாளம் ஒத்துப்போகாவிட்டாலும், சராசரியில் அது பாலத்துக்கு ஆற்றலை ஊட்டுகிறது. ஒருவர் தருவது அற்பம். எல்லோரும் தருவது பாலத்தின் இயல்பான தணிப்பை மிஞ்சினால் ஆட்டம் பெருகும். கால்கள் ஒத்துப்போவது அதற்குப் பிறகு வரலாம், வராமலும் போகலாம்.

50 லட்சம் பவுண்டு செலவில் அதிர்வுத் தணிப்பான்கள் பொருத்தி, 2002 பிப்ரவரியில் பாலத்தை மறுபடி திறந்தார்கள். காரணம் எதுவானாலும் அந்த மருந்து வேலை செய்யும். அடுத்த பாலத்துக்குத்தான் காரணம் முக்கியம். கால்கள் ஒத்துப்போனால்தான் ஆபத்து என்று நம்பினால், ஒழுங்கில்லாத கூட்டத்தைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடுவோம். அந்த நிம்மதிக்கு இடமில்லை. தலைகளை எண்ணித்தான் கட்டணும்.